திறக்க இயலாதெனப்பட்ட பூட்டு

இலண்டன் மாநகரின் பிக்காடிலி வீதியில், ஜோசப் பிராமா நிறுவனத்தாரின் கடைச் சன்னலில் பூட்டு ஒன்று பல்லாண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கவல்ல கருவி செய்யும் கலைஞருக்கு 200 கினி பரிசு என்னும் அறிவிப்பும் உடனிருந்தது. பிராமா தம் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1784இல், மறைந்தது 1814இல். அதன் பின்னரும் பரிசு கேட்பாரின்றியே கிடந்தது.

அதற்கு இணையாகப் போற்றப்பட்டது, 1818இல் ஜெரமையா சப் காப்புரிமை பெற்ற பூட்டு. கள்ளச்சாவி பட்டு உள்தகடு ஒன்று அளவுக்குமேல் உயர்ந்தால், அது அவ்விடத்தே சிக்கிக்கொள்ளும். பின்னர் உரியவர் தம் சாவியை இட்டாலும் உடனே திறவாது. பிறர் கைபட்டதை அவருக்கு உணர்த்திவிடும்.

1851இல் இலண்டனில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்கு வந்திருந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர் இல்லமொன்றில் சான்றோர் முன்னிலையில் சப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். அடுத்து பிராமாவின் பூட்டை எடுத்துக்கொண்டார். 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதனையும் திறந்தார். அவர் கையாண்ட முறையைப் பிராமா நிறுவனத்தார் மறுத்துரைத்தனர். எனினும் பரிசு அவருக்கே உரியதென நடுவர்கள் தீர்ப்பளித்தனர்.

ஹாப்ஸ் பூட்டை உடைக்கவில்லை. சுழலும் பகுதிக்கு இடைவிடாது மெல்லிய அழுத்தம் தந்து, உள்ளிருந்த தகடுகளுள் எது இறுகுகிறது என ஒவ்வொன்றாகத் தொட்டறிந்தார். எத்துணைத் தேர்ந்த கை செய்தாலும் எல்லாத் தகடுகளும் மயிரிழையும் பிசகாது ஒத்திருப்பதில்லை. அந்நுண்ணிய வேறுபாடே அவருக்கு வழிகாட்டியது. இன்று பூட்டுத் திறத்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பயில்வதும் பெரும்பாலும் இம்முறையையே.

இத்தகைய அறிவை வெளியிடல் தகுமோ என்னும் வினா அன்றே எழுந்தது. ஹாப்ஸின் அறிவை அடிப்படையாகக் கொண்டு சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த நூல் 1853இல் வெளிவந்தது. கள்வர் இதனை முன்பே அறிவர்; அறியாதிருப்பவர் பூட்டை நம்பிப் பொருள் வைக்கும் நல்லோரே என்பது அந்நூல் தந்த விடை. குறை வெளிப்பட்டபின் பூட்டுத் தொழிலார் தம் படைப்புகளைத் திருத்த முற்பட்டனர்.

51 மணி நேரம் தாங்கிய பூட்டு எளியதன்று. அத்துணைப் பொழுது எந்தக் கள்வனுக்கும் வாய்ப்பதரிது. அன்று அது இழந்தது, எவராலும் சோதித்து முடிக்கப்படாமையால் நிலைத்திருந்த பெயரை மட்டுமே. அப்பூட்டு இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.