மதீனா உடன்படிக்கையும் பதுளைத் தோட்டங்களும்

'மதச்சார்பின்மை' என்றால் மதமின்மை என்றே எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் பேசிக்கொண்டு நிற்கும்போது இந்தச் சொல் வந்தால், "அது நமக்குச் சரிவராது சேர்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அரசும் மார்க்கமும் பற்றிய இந்தக் கேள்விக்கு ஓர் ஆலிமே 1938இல் மார்க்க ஆதாரத்தோடு பதில் எழுதியிருக்கிறார்.

அவர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனி (1879–1957). தேவ்பந்த் தாருல் உலூமின் தலைமை ஆசிரியர். ஆங்கிலேயரால் மால்டாவில் சிறைவைக்கப்பட்டவர். இக்காலத்தில் தேசங்கள் நிலத்தால் அமைகின்றன, மதத்தால் அல்ல என்று அவர் பேசியபோது, இக்பால் கவிதையாலேயே கண்டித்தார். மதனி 'முத்தஹிதா கௌமிய்யத்தும் இஸ்லாமும்' என்ற நூலில் தம் நிலையை விளக்கினார். மில்லத் வேறு, கௌம் வேறு என்பது அவர் வாதம். மில்லத்தை இணைப்பது மார்க்கம். ஒரே மண்ணில் வாழும் பல மார்க்கத்தார் ஒரு கௌமாகலாம். இதற்கு அவர் காட்டிய சான்று மதீனா உடன்படிக்கை. நபி (ஸல்) அவர்கள் செய்த அந்த உடன்படிக்கையில், முஸ்லிம்களும் யூதர்களும் தத்தம் மார்க்கத்தில் நின்றபடியே நகரைக் காக்கும் கடமையில் ஒன்றானார்கள். ஷரீஅத்தைக் கைவிடச் சொல்லவில்லை மதனி. முஸ்லிம்களின் தனியார் சட்டம் காக்கப்பட வேண்டும் என்பதே அவர் நிபந்தனை.

இதை எங்கள் மண்ணில் வைத்துப் பார்ப்போம். சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்த இனத்துக்கும் மதத்துக்கும் பாதகமாகவோ தனிச்சலுகையாகவோ சட்டம் இயற்றக்கூடாது என்றது. அந்த யாப்புத் திட்டத்தை 1945இல் டி.பி. ஜாயா அரசாங்க சபையில் ஆதரித்தார். 1951இல் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் நமக்குக் கிடைத்தது. நாங்க நிம்மதியாக இருந்தோம்.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது வேறு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அதில் ஒன்று பதுளை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் வாக்குரிமையும் இழந்தனர். 29(2) அவர்களைக் காக்கவில்லை. 1953இல் பிரிவுக் கவுன்சிலும் அந்தச் சட்டங்கள் செல்லும் என்றது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனப் பங்கு பிரித்தது.

எங்கள் வாப்பாவுக்குப் பசறையில் சில்லறைக் கடை. "கப்பலுக்குப் போற சனம் லயத்திலிருந்து வந்து, கடன் கொப்பியைத் திறக்கச் சொல்லி, கணக்கைத் தீர்த்துட்டுத்தான் போச்சுது மகன்" என்பார். தீர்க்க முடியாதவர்களின் பக்கத்தில் அவரே கோடு கிழித்துவிட்டாராம். "அதுகளுக்காக நாங்க வாய் திறந்தமா?" என்று கேட்டுவிட்டு அவர் மௌனமாகிவிடுவார்.

அண்டை வீட்டாரைக் காக்காத 29(2), 1972 யாப்போடு நமக்கும் இல்லாமற் போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது.

எல்லா மார்க்கத்தாரையும் அரசு சமமாக நடத்த வேண்டும் என்று கேட்பது ஈமானுக்கு முரணானதல்ல. மதனி காட்டிய மதீனா அதைத்தான் சொல்கிறது. ஆனால் உடன்படிக்கை என்றால் இரு பக்கமும் கடமை உண்டு. நமக்கான உரிமையை மட்டும் எண்ணிக்கொண்டு அடுத்த லயத்தின் இழப்பைப் பாராதிருந்தால், நாம் கேட்டது சலுகை. பள்ளிவாசல் முற்றத்தில் அடுத்த முறை அந்தச் சொல் வரும்போது, வாப்பாவின் கேள்வியைத்தான் நான் கேட்கப்போகிறேன்.