மழைக்குக் கணக்கு உண்டு, புல்லுக்கு இல்லை: பேகம்பேட்டிலிருந்து ஒரு தக்காண வரலாறு

காலநிலை மாற்றத்தைக் கால்நடை வளர்ப்பும் மேய்ச்சல் நிலங்களும் எவ்வாறு எதிர்கொள்ளும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள் இன்று ஏராளம். அவற்றின் சமன்பாடுகளைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. அவற்றுக்குள் இடப்படும் தரவுகளின் வரலாற்றைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. தக்காணத்தைப் பொறுத்தவரை அவ்வரலாற்றின் பெரும்பகுதியை ஐதராபாத்தின் பேகம்பேட்டில் நின்றுகொண்டே சொல்லிவிடலாம்.

பேகம்பேட்டில் முதலில் எண்ணப்பட்டவை விண்மீன்கள். நவாப் ஜாபர் ஜங் 1901இல் தம் செலவில் தொடங்கிய வானாய்வகத்தை, அவர் மறைவுக்குப் பின் நிஜாம் அரசு ஏற்று இப்பகுதிக்கு மாற்றியது. உலக விண்வரைபடத் திட்டத்தில் பங்கேற்று லட்சக்கணக்கான விண்மீன்களின் இடங்களை அது பதிவு செய்தது. பின்னர் விமான நிலையம் வந்தது. அதனுடன் வானிலை ஆய்வு மையமும் வந்தது. 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்ட பிறகும் மழைமானி இங்கேயே இருக்கிறது. 2000 ஆகஸ்ட் 24 அன்று 24 மணி நேரத்தில் 241 மில்லிமீட்டர் மழை பெய்ததை அது அளந்தது. நகரின் சராசரி ஆண்டு மழையில் கால் பங்குக்கும் மேல் அது. ஆண்டு மழையை மட்டும் உள்ளீடாகக் கொள்ளும் மாதிரி அதை நல்ல மழையாண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆழமற்ற செம்மண்ணில் நின்ற புல்லுக்கோ அந்நீரில் மண் பிடித்துவைத்த சிறு பங்கே கிடைத்திருக்கும். எஞ்சியது மூசி ஆற்றுக்குப் போயிருக்கும்.

ஆயினும் மழைக்கு நாள்வாரியான கணக்கு இருக்கிறது. கால்நடைக்கும் உண்டு: 1919-20 முதல் இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் புல்லுக்குத்தான் தொடர்ச்சியான பதிவு இல்லை. ஏன் இல்லை என்பது அறிவியல் கேள்வியாகத் தோன்றினாலும், விடை வருவாய்த்துறை ஆவணங்களில் இருக்கிறது.

முதலாம் சாலார் ஜங் காலத்துச் சீர்திருத்தங்களின் தொடர்ச்சியாக, ஐதராபாத் சமஸ்தானத்தில் பம்பாய் மாகாண முறையைத் தழுவி நில அளவையும் தீர்வை நிர்ணயமும் நடந்தன. வரி தரும் நிலத்துக்கு மண் வகை, பாசனம், விளைச்சல் எல்லாம் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டன. வரி தராத நிலத்துக்குப் பரப்பும் பெயரும் போதும் என்று விடப்பட்டது. தமிழ்நாட்டில் இதே மனப்பாங்கின் விளைவுதான் 'புறம்போக்கு'. வரிக்கணக்குக்குப் புறத்தே நின்ற நிலத்தைக் குறித்த சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. மந்தை நின்ற வெளியோ சென்னையில் மந்தைவெளி என்ற பேருந்து நிறுத்தமாக எஞ்சியிருக்கிறது. தெலங்கானாவில் அதற்கு இணையான சொல் 'காஞ்ச', அதாவது மேய்ச்சல் நிலம்.

இந்த வருவாய்ச் சொல் விண்ணுக்கு ஏறிய கதையும் பேகம்பேட்டை ஒட்டியதே. 1974இல் நிறுவப்பட்ட தேசியத் தொலையுணர்வு முகமை இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலாநகரில் வளர்ந்தது. அதன் அளவை விமானங்களுக்குப் பேகம்பேட் விமான நிலையமே தளம். நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்காக அம்முகமை தயாரித்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000இல் வெளிவந்தது. நாட்டின் பரப்பில் 20.17 விழுக்காடு, சுமார் 6.38 லட்சம் சதுர கிலோமீட்டர், தரிசு என்றது அது. சீர்குலைந்த மேய்ச்சல் நிலமும் புதர்நிலமும் அக்கணக்குக்குள் அடக்கம். 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இது சுமார் 5.58 லட்சமாகக் குறைந்தது. தரிசு குறைவதை முன்னேற்றம் என்றே எவரும் வாசிப்பர். மேய்ச்சல் நிலம் வேறொன்றாக மாறியிருந்தாலும் அதே எண்தான் கிடைக்கும் என்பதை அந்த அட்டவணை சொல்லாது.

தாவரவியலாளர்கள் இதைக் காணாமலில்லை. தபட்காவும் சங்கரநாராயணும் 1973இல் இந்தியப் புற்பரப்பை ஐந்து வகைகளாகப் பிரித்தபோது, தீபகற்பப் பீடபூமியைச் செஹிமா-டைகாந்தியம் வகையில் வைத்தனர். ஆனால் அவர்களும் இப்புல்வெளிகளைத் தீயாலும் மேய்ச்சலாலும் காடாக முடியாமல் நின்றுபோனவை என்றே கருதினர். ஒருவருக்கு வரி தராத நிலம், மற்றவருக்குக் காடாகாத நிலம். புல்லைப் புல்லாகவே பார்த்தவர் ஆடு மேய்த்தவர் மட்டுமே என்று சொன்னால் அது மிகையாகாது.

மாதிரிகளுக்கு வருவோம். புல்வெளி மாதிரிகளுள் பெயர்பெற்ற 'செஞ்சுரி', 1980களில் பார்ட்டனும் உடனாய்வாளர்களும் அமெரிக்கப் பெருஞ்சமவெளிக்காக உருவாக்கியது. அங்கே மண்ணையும் புல்லையும் நீண்டகாலம் அளந்த ஆய்வுத் திடல்கள் இருந்தன. அதைத் தக்காணத்துக்குக் கொண்டுவரும்போது சமன்பாடுகள் வந்துவிடும், திடல்கள் வாரா. கரியமில வாயு மிகுந்தால் புல் செழிக்கும் என்ற எதிர்பார்ப்பும் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. இப்பீடபூமிப் புற்களில் பெரும்பாலானவை நான்கு-கரிம வகையைச் சேர்ந்தவை. மற்றொரு முனையில் எல்லிஸும் ஸ்விஃப்டும் 1988இல் கென்யாவின் துர்கானா பகுதியை வைத்து எழுப்பிய வாதம் இருக்கிறது: மழை பெரிதும் மாறும் நிலத்தில் 'தாங்குதிறன்' என்ற நிலையான எண்ணுக்குப் பொருளில்லை, மந்தையின் அளவை முடிவு செய்வது வறட்சி. ஆண்டுக்காண்டு மழை மாறுபாடு 33 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களுக்கே இது பொருந்தும் என்பது வழக்கமான எல்லைக்கோடு. தெலங்கானாவின் பெரும்பகுதி அக்கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே கென்யாவையும் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. (மேய்ச்சல் ஆய்வுகளில் இவ்விறக்குமதி இரு திசையிலும் தாராளமாக நடக்கிறது.)

தக்காணத்துக்கே உரிய சிக்கல் வேறு. குருமர் வளர்க்கும் கருங்கம்பளித் தக்காணி ஆடு ஆண்டு முழுவதும் புல்வெளியில் மேய்வதில்லை. மழைக்காலத்தில் காஞ்ச நிலத்திலும், அறுவடைக்குப் பின் வயல்களின் தாளிலும் மேய்கிறது. இரவில் வயலிலேயே கிடை அமர்த்தி எருவாகத் திருப்பித் தருகிறது. இராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களை நோக்கி நடப்பதும் இதே ஏற்பாடுதான். ஆக, இங்கே 'புல்வெளி' என்பது நிலத்தின் வகை மட்டுமன்று, நாட்காட்டியில் ஓர் இடைவெளியுமாகும். மழை பொய்ப்பதைச் சமாளிக்க உழவர் ஆழ்துளைக் கிணறு போட்டு இரண்டாம் போகம் எடுத்தால், உழவுக்கு அது தகவமைப்பு. ஆட்டுக்கு அந்த இடைவெளி மூடிவிடுகிறது. இருவரையும் தனித்தனி மாதிரியில் கணித்தால், ஒருவரின் தீர்வு மற்றவரின் பஞ்சம் என்பது எந்த வரைபடத்திலும் தெரியாது.

இதற்கு மிக அருகில் வந்தவர் என்.எஸ். ஜோதா. ஐதராபாத்தை அடுத்த படான்செருவில், 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட்டில் பணியாற்றிய அவர், 7 மாநிலங்களில் 82 கிராமங்களின் பொதுநிலங்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார். 1950களுக்கும் 1980களுக்கும் இடையே பல இடங்களில் அவை மூன்றிலொரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தன. ஏழைகளே அவற்றை அதிகம் நம்பியிருந்தனர். நிலமற்றோருக்கென்று பிரித்தளிக்கப்பட்ட இடங்களிலும் பெரும்பங்கு அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பொதுநிலம் பற்றிய ஆய்வுகளில் இது ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. மேய்ச்சல் மாதிரிகளின் உள்ளீடாக நான் கண்டது அரிது.

விளைவு எளிதில் கண்ணுக்குப் புலப்படும். 2017இல் தெலங்கானா அரசு 75 விழுக்காடு மானியத்தில் 20 பெட்டை, ஒரு கிடாய் கொண்ட மந்தைகளை வழங்கத் தொடங்கியது. 2012இல் 1.28 கோடியாக இருந்த செம்மறிகள் 2019 கணக்கெடுப்பில் சுமார் 1.9 கோடியாகி, மாநிலம் நாட்டில் முதலிடம் பெற்றது. ஆட்டுக்குத் தலை எண்ணிக்கை கிடைத்தது. அவை எதைத் தின்னும் என்ற கேள்விக்கு அதே துல்லியத்தில் ஓர் எண் அப்போதும் இல்லை. 2025இல் காஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கி, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது, விவாதம் அது காடா இல்லையா என்பதைச் சுற்றியே சென்றது. பெயரிலேயே இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பலரும் கவனிக்கவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு செய்தி. இவ்வெற்றிடத்தை நிரப்பக்கூடிய ஆவணம் தெலங்கானாவில் உண்டு: பஹாணி. ஒவ்வொரு புல எண்ணிலும் எப்பருவத்தில் என்ன பயிர் நின்றது என்று ஆண்டுதோறும் எழுதிவந்த பதிவேடு அது. 1954-55ஆம் ஆண்டின் கஸ்ரா பஹாணி இன்றும் நில வழக்குகளில் சான்றாகிறது. நிலம் யாருடையது என்று நிறுவவே அதைத் தேடுகிறோம். பயிர்ப் பத்தியைப் படித்தால், ஒரு கிராமத்தில் எத்தனை ஏக்கர் எந்தெந்த மாதங்களில் மந்தைக்குத் திறந்திருந்தது என்பதையும், ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அது எவ்வளவு சுருங்கியது என்பதையும் ஆண்டுவாரியாகத் தோராயமாகவேனும் கணக்கிடலாம். பேகம்பேட்டின் மழைப்பதிவோடு ஆண்டுக்கு ஆண்டு பொருத்திப் பார்க்கத்தக்க வரிசை அது.