நல்ல துறைமுகம் என்னும் சிற்றூர்



அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தவுடன் நம் மனம் யூரோக்கிலிதோன் காற்றுக்கும் மெலித்தா தீவுக்கும் ஓடிவிடுகிறது. புயலைக் குறித்து நாம் கேட்ட பிரசங்கங்கள் அநேகம். புயலுக்குமுன் கப்பல் காத்திருந்த ஊரிலோ நாம் நிற்பதேயில்லை. இந்த வாரம் அங்கே சற்று நில்லுங்கள்.

கிரேத்தா தீவின் தென்கரையில், அஸ்தெரூசியா மலைகளின் அடிவாரத்தில், அந்தச் சிற்றூர் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் கலீ லிமெனெஸ். லூக்கா எழுதிய அதே பெயர்தான். நம் வேதாகமம் அதை நல்ல துறைமுகம் என்கிறது. லசேயா பட்டணத்தின் இடிபாடுகள் கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் கடலோரமாய்க் கிடக்கின்றன.

கப்பல் இங்கே தங்கியதற்குக் காரணம் உண்டு. வடமேற்குக் காற்றை இதுவரை மலைகள் தடுக்கின்றன. மேற்கே லித்தினோ முனையைத் தாண்டினால் கரை வடக்கே திரும்பிவிடும். அதன்பின் கப்பலுக்கு மறைவில்லை. உபவாசநாளும் கழிந்துபோயிற்று, அதாவது செப்டம்பர், அக்டோபர் காலம். நவம்பர் 11 முதல் கடல் அடைபட்டது என்று ரோம எழுத்தாளர் வெகேத்தியுஸ் கணக்கிடுகிறார். கப்பலிலோ அலெக்சந்திரியாவின் கோதுமையும் 276 பேரும்.

பவுல் இங்கேயே தங்கச் சொன்னார். அது பரலோக தரிசனம் என்று லூக்கா எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின்படி, அதற்கு முன்பே மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தவர் அவர். ஒரு இராப்பகல் முழுவதும் கடலில் கிடந்தவர். பட்டவர் சொன்ன சொல் அது. ஆனால் அவர் கைதி. நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். அவனை எளிதாய்க் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. கடற்காரியத்தில் கடலோடியைக் கேட்பதுதானே வழக்கம்? பேனிக்ஸ் துறைமுகம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரமே. பெரும்பாலோரும் போகலாம் என்றார்கள்.

ஜேம்ஸ் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் படகோட்டி, பவுலின் கடற்பயணத்தை ஆராய்ந்து 1848இல் ஒரு நூல் வெளியிட்டார். கிழக்கே திறந்திருந்தாலும், முன்னேயுள்ள சிறு தீவுகள் இவ்வூரைக் காக்கின்றன, பேனிக்ஸுக்கு ஈடாகாவிட்டாலும் குளிர்காலத்தைக் கழிக்க இது போதும் என்பது அவர் முடிவு. வசதியில்லாத துறை, ஆனால் போதுமான துறை.

தென்றல் மெதுவாய் வீசியது; நினைத்தது கைகூடிற்று என்று நங்கூரம் தூக்கினார்கள். பதினாலாம் இரவில், ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு அப்பால், மெலித்தாவின் கரையை நெருங்கினார்கள். கோதுமை கடலில் போயிற்று, கப்பலும் உடைந்தது. உயிர்களுக்கும் சேதம் வரும் என்று பவுல் இவ்வூரில் எச்சரித்திருந்தார். அது மட்டும் நடக்கவில்லை. அவருடைய சொல்லைத் தள்ளினவர்களின் உயிரையும் தேவன் அவருக்குத் தந்தருளினார் என்று, புயலின் நடுவே தேவதூதன் அறிவித்தான். 276 பேரும் கரைசேர்ந்தார்கள்.

இன்று ஊரின் மேற்கே குன்றின்மேல் பவுலின் பெயரால் ஒரு சிற்றாலயம் நிற்கிறது. எதிரேயுள்ள சிறு தீவில் பெரிய எண்ணெய்த் தொட்டிகள். மத்தியதரைக் கடலில் செல்லும் கப்பல்கள் எரிபொருளுக்காக இங்கே வருகின்றன. நிரப்பிக்கொண்டு, தங்காமல் போய்விடுகின்றன.