எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கியில் நீரெடுப்புக் கட்டுப்பாடு

எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி என்பது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள சுண்ணாம்புப் பாறைப் படுகை. சான் அன்டோனியோ நகரமும் அதற்கு மேற்கேயுள்ள பாசன நிலங்களும் இதன் நீரை இறைத்துப் பயன்படுத்துகின்றன. கோமல், சான் மார்க்கோஸ் ஊற்றுகளுக்கும் இதுவே தாய். பாறையின் பிளவுகளிலும் குகைகளிலும் நீர் வேகமாக ஓடுவதால், மேற்கே இறைப்பது கிழக்கே ஊற்றில் தெரியும்.

தன் நிலத்தடி நீரை நிலக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம், பக்கத்துக் கிணறு வற்றினாலும் வழக்கு நிற்காது என்று 1904இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாரும் ஒரே பாறையை நம்பியிருக்கும் இடத்தில் இது நியாயமற்ற விதி. பெரிய மோட்டார் வைத்தவருக்கே நீர் போய்ச் சேரும். 1956 வறட்சியில் கோமல் ஊற்று சில மாதங்கள் அடியோடு நின்றது. அப்போதும் விதி மாறவில்லை.

மாற்றியது விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். ஊற்றுநீரில் மட்டுமே வாழும் ஃபவுண்டன் டார்ட்டர் என்னும் அந்த மீன் உள்ளிட்ட அருகிவரும் உயிரினங்களைக் காக்கக் கோரி சியரா கிளப் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1993இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி ஆணையத்தை உருவாக்கியது. வழக்குகளால் தாமதித்து, ஆணையம் 1996இல்தான் இயங்கத் தொடங்கியது.

1972 முதல் 1993 வரை நீர் எடுத்ததற்குச் சான்று காட்டியவர்களுக்கு உரிமம் கிடைத்தது. பாசனம் செய்தவர்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2 ஏக்கர்-அடி உறுதி செய்யப்பட்டது. ஓர் ஏக்கர்-அடி என்பது ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். மொத்த உரிம அளவுக்கு 2007இல் ஆண்டுக்கு 5,72,000 ஏக்கர்-அடி என வரம்பு வைக்கப்பட்டது. உரிமத்தை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். ஆனால் பாசன உரிமத்தில் பாதி நிலத்தோடு பிணைக்கப்பட்டது. பணமுள்ள நகரம் வயல்களின் நீரை முழுதாக வாங்கிவிடாமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. வீட்டுக்கும் கால்நடைக்கும் உரிய சிறு கிணறுகளுக்கு உரிமம் தேவையில்லை.

இந்த முறையின் உயிர், சான் அன்டோனியோவிலுள்ள ஜே-17 என்னும் அளவீட்டுக் கிணறு. அதன் பத்து நாள் சராசரி நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 660 அடி உயரத்துக்குக் கீழே இறங்கினால், அப்பகுதி உரிமதாரர்களின் அளவில் 20 விழுக்காடு வெட்டப்படும்; 630 அடிக்குக் கீழே போனால் 40 விழுக்காடு.

நிலத்தடி நீர் நிலக்காரரின் சொத்தே என்றும், கட்டுப்பாடு எல்லை மீறினால் இழப்பீடு கோரலாம் என்றும் 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டாய வெட்டைத் தவிர, விவசாயிகள் விரும்பிச் சேரும் திட்டம் ஒன்றும் நடைமுறையில் உள்ளது: அக்டோபர் 1 அன்று ஜே-17 மட்டம் 635 அடியாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால், சேர்ந்தவர்கள் ஒப்புக்கொண்ட அளவு நீரை மறு ஆண்டு இறைக்காமல் விட்டு, அதற்குப் பணம் பெறுகிறார்கள்.