உத்தராயணம் எப்போதோ வந்துவிட்டது!

அகமதாபாத்துக்கு வேலை நிமித்தம் வந்து சேரும் நம்மூர்க்காரர்கள் முதல் வருடத்திலேயே குழம்பிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. இந்த மாநிலத்துக்கு எத்தனை புத்தாண்டு?

தீபாவளிக்கு மறுநாள் குஜராத்திகளின் 'பெஸ்து வரஸ்'. வியாபாரிகள் தீபாவளியன்றே 'சோப்டா பூஜன்' செய்து புதுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். கட்ச் பக்கத்து மக்களுக்கு ஆஷாட மாத வளர்பிறை இரண்டாம் நாள், அதாவது ஜூன் கடைசி, ஜூலை வாக்கில். பார்சிகளுக்கு ஆகஸ்ட் நடுவில். இது போதாதென்று ஜனவரி 14 அன்று ஊரே மொட்டை மாடியில் நின்று பட்டம் விடுகிறது. அது புத்தாண்டு இல்லை. ஆனால் பெயர் மட்டும் 'உத்தராயண்'. சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாளாம்.

இவற்றில் கட்ச்காரர்களின் கணக்கு எளிதில் புரிகிறது. வறண்ட பூமியில் மழை வந்தால்தான் வாழ்க்கை. எனவே மழை வரும் பருவத்தில் வருடம் பிறக்கிறது. மழை முடிந்து, விளைந்தது சந்தைக்கு வரும் நேரத்தில் வியாபாரியின் வருடம் பிறக்கிறது. இதுவும் நியாயமே. சிக்கல் மற்ற இரண்டில்தான்.

சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. அன்றுதான் நமக்கு மிகக் குறுகிய பகல். அப்படியென்றால் ஜனவரி 14-ல் கொண்டாடுவது ஏன்?

நம் சூரிய நாட்காட்டிகள் நட்சத்திரங்களை வைத்து வருடத்தை அளக்கின்றன. சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தால் தை, மேஷத்துக்குள் நுழைந்தால் சித்திரை. ஆனால் பருவங்களைத் தீர்மானிப்பது பூமியின் அச்சுச் சாய்வு. அந்த அச்சு, வேகம் குறைந்த பம்பரம் போல, மெதுவாகத் தலையாட்டுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 25,800 வருடம். இதனால் பருவ வருடத்தைவிட நட்சத்திர வருடம் சுமார் 20 நிமிடம் நீளம். இருபது நிமிடம்தானே என்று விட்டால், 71, 72 வருடத்துக்கு ஒரு நாள் என்று பண்டிகை பின்னால் போகிறது.

ஒரு சின்னச் சான்று. சுவாமி விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தி நாளில். அந்தத் தேதி 1863 ஜனவரி 12. இன்று சங்கராந்தி 14 அல்லது 15-ல் வருகிறது.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரிந்திருக்கிறது. வேதாங்க ஜோதிடம் உத்தராயணத் தொடக்கத்தை அவிட்டத்தில் வைக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், பழைய நூல்களில் அப்படி இருக்கிறது, ஆனால் இப்போது மகரத்தின் தொடக்கத்தில்தான் சூரியன் திரும்புகிறது என்று பிருகத் சம்ஹிதையில் எழுதினார். சந்தேகம் இருந்தால் நேரில் கவனித்துப் பார் என்பதே அவர் கட்சி. ஏட்டைவிட வானத்தை நம்பிய மனிதர்! அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய ஏட்டைப் பிடித்துக்கொண்டு வானத்தை விட்டுவிட்டார்கள் :-)

நழுவலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? பார்சிகளைப் பாருங்கள். நவ்ரோஸ் என்பது ஈரானில் வசந்தகாலச் சமபகல் நாள், மார்ச் 20 அல்லது 21. ஈரானில் இன்றும் அப்படித்தான். இங்குள்ள பார்சிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஹன்ஷாஹி நாட்காட்டியில் வருடத்துக்கு 365 நாள்தான். லீப் நாள் கிடையாது. நான்கு வருடத்துக்கு ஒரு நாள் நழுவி, வசந்த விழா இப்போது கொட்டும் மழையில் வருகிறது. 1745-ல் சூரத்தில் இந்த நாட்காட்டித் தகராறில் ஒரு பிரிவே தனியாகப் போய்விட்டது. 1906-ல் மறுபடி மார்ச்சுக்கே போகலாம் என்று ஃபஸ்லி நாட்காட்டி வந்தது; சிறு பகுதியினர்தான் மாறினார்கள்.

ஐரோப்பியர்களும் இதே வழியில் வந்தவர்களே. ஜூலியன் நாட்காட்டி நழுவியதால் 1582-ல் போப் கிரிகோரி பத்து நாட்களை வெட்டினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15!

சுதந்திர இந்தியாவும் முயன்றது. 1952-ல் வானியற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது, 1955-ல் அறிக்கை. அதன்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி. சைத்ர மாதம் முதல் தேதி மார்ச் 22, லீப் வருடத்தில் 21. சமபகலை ஒட்டிய, பருவத்தோடு பொருந்திய புத்தாண்டு. அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. வாசலில் கோலம் போட்டு அதைக் கொண்டாடுபவர்களைத்தான் காணோம்.

இப்போது நம் வீட்டுச் சண்டைக்கு வருவோம். 2008-ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011-ல் அது ரத்தாகி மீண்டும் சித்திரை. தை கட்சியினர் சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்றார்கள். சித்திரை கட்சியினர் பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் என்றார்கள். இரண்டுமே சரி, சுமார் 1,700 வருடங்களுக்கு முன்னால்! இன்று இரண்டும் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கின்றன. ஆக, வானத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது இரண்டு கட்சிக்கும் எதிராகத்தான் பேசும்.

அதற்காகப் பொங்கலை டிசம்பருக்கு மாற்றச் சொல்லவில்லை. கதிர் முற்றாமல் எதை வைத்துப் பொங்குவது? பண்டிகையை நிலைநிறுத்துவது அறுவடையும் பழக்கமும் வீட்டுக்கு வரும் உறவுகளும்தான். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இன்னும் 2,000 வருடம் போனால் தை பிறப்பது பிப்ரவரி நடுவில். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழிக்கும் மழைக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். சுமார் 13,000 வருடத்தில் அகமதாபாத்தின் 'உத்தராயண்' ஜூலை மழையில் வரும். பட்டம் நனையும்.

அவசரமில்லைதான். ஆனால் என்றோ ஒரு தலைமுறை மாடியேறி வானத்தைப் பார்த்து, வராகமிகிரர் மாதிரி, "இப்போது இப்படி இருக்கிறது" என்று எழுதியே ஆகவேண்டும்.