பெனிசிலினும் மேரி பார்பரும்

பெனிசிலின்னு சொன்னா ஃப்ளெமிங், 1928, தட்டுல பூத்த பூஞ்சை. பள்ளிக்கூடப் புத்தகம் அதோட கதையை முடிச்சிடும். எனக்குப் பிடிச்ச கதாபாத்திரம் அதுக்கப்புறம்தான் வர்றாங்க: லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கிருமிகளை ஆராய்ந்த டாக்டர் மேரி பார்பர்.

வில்லன் பேரு ஸ்டஃபைலோகாக்கஸ். பலரோட மூக்குக்குள்ள சாதுவா குடியிருக்கும். ஆபரேஷன் காயத்துல புகுந்தா ஆளையே சாய்ச்சிடும். பெனிசிலினை உடைக்கிற என்ஸைம் சில கிருமிகள்ல இருக்குன்னு ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்ரஹாமும் செயினும் 1940-லேயே எழுதிட்டாங்க. நோயாளிகளுக்கு ஊசி போட ஆரம்பிச்சது 1941-ல்தான். ரிலீஸுக்கு முன்னாடியே பக் ரிப்போர்ட் :-)

பார்பர் உட்கார்ந்து எண்ணினார். 1946-ல் அவர் மருத்துவமனையில் பிடிபட்ட ஸ்டஃபைலோகாக்கஸில் பெனிசிலினுக்கு அடங்காதவை 14 சதவீதம். 1947-ல் 38. 1948-ல் 59! கிருமிகள் ஒவ்வொண்ணும் புதுசா வித்தை கத்துக்கலை. மருந்து சாதுக்களைக் கொன்னுது. மிஞ்சின முரடுகள் காலி இடத்தைப் பிடிச்சு, கை வழியாவும் மூக்கு வழியாவும் படுக்கைக்குப் படுக்கை பரவிச்சு.

1960-ல் மெதிசிலின் வந்தது. 1961 ஜனவரியிலேயே அதுக்கும் அடங்காத கிருமியை பாட்ரீசியா ஜெவன்ஸ் அறிவிச்சார். எம்.ஆர்.எஸ்.ஏ.ன்னு சொல்றது இதைத்தான். பழைய கிருமிகளோட மரபணுவைப் படிச்சவங்க 2017-ல் சொன்னது இன்னும் கொடுமை: அந்த எதிர்ப்பு 1940-களின் நடுவிலேயே உருவாயிடுச்சாம். பெனிசிலினை அள்ளி வீசினதுதான் அதை வளர்த்திருக்கணும்னு அவங்க கணிப்பு. அதாவது, புது மருந்து பிறக்கும் முன்பே தோத்தாச்சு.

பார்பர் பிடிச்ச வழி வேற. 1950-களின் கடைசியில் ஹேமர்ஸ்மித்தில் பெனிசிலினுக்குக் கட்டுப்பாடு. மற்ற ஆன்டிபயாடிக்குகளைத் தனியா கொடுக்காம ரெண்டு சேர்த்துக் கொடுக்கணும். கூடவே, ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்குத் தொற்றாம தடுக்கிற ஏற்பாடுகள். 1960-ல் அவர் குழு முடிவை வெளியிட்டது: அடங்காத கிருமிகள் குறைஞ்சிருந்தன. புது மருந்தே இல்லாம!

கட்டுரை வந்ததும் மெதிசிலின் வந்ததும் ஒரே வருஷம். உலகம் எதைக் கொண்டாடியிருக்கும்னு சொல்லவே வேணாம். எங்க தொழில்லயும் இதே கதைதான். புது வெர்ஷனுக்குக் கேக் வெட்டுவாங்க, ஒழுங்கா ப்ராசஸை ஃபாலோ பண்ணவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஆனா நாளைக்கு நாம ஆபரேஷன் டேபிள்ல படுக்கும்போது, கை கழுவின நர்ஸும் தேவையில்லாத மருந்தை எழுதாத டாக்டரும்தான் நம்மைக் காப்பாத்தணும்.

அதனால மக்களே, ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதாம அனுப்புற டாக்டரைத் திட்டாதீங்க.