மொனிற்றர் பதவிக்கு ஒரு வரலாறு

ஆசிரியர் வரப் பிந்தினால் கரும்பலகையில் பெயர் எழுதும் மொனிற்றரை எம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். எழுதியவர்களும் நாமே, எழுதப்பட்டவர்களும் நாமே. பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பது பற்றி நாம் பெற்ற முதற் பாடம் அது. அந்தச் சிறு பதவியின் வரலாற்றில் முக்கியமான ஓர் அத்தியாயம் தமிழ் மண்ணில்தான் எழுதப்பட்டது.

முற்காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ பல வயதினர். ஆகவே நன்கு படித்த மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். தமிழகத்தில் அவனைச் சட்டாம்பிள்ளை என்றார்கள். யாழ்ப்பாணத்திலோ இதையொத்த சட்டம்பியார் என்ற சொல் ஆசிரியரையே குறித்து வழங்கியது.

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பாடசாலையை வண. அன்ட்று பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் வழியில் இருந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தமது பாடசாலையின் அரிவரி வகுப்பிலும் அவ்வாறே செய்யும்படி உதவி ஆசிரியரிடம் சொன்னார். அது நடவாத காரியம் என்று அவர் கூறிவிட்டார்.

பெல் அந்த வகுப்பைத் தாமே எடுத்து நடத்தப் போகவில்லை. ஜோன் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, செய்யவேண்டியதை விளக்கி, வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். அவனையே அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியனாக்கிய பெல், ஏனைய கீழ் வகுப்புகளுக்கும் மாணவர்களையே நியமித்து, அவர்களை மேற்பார்க்கும் வேலையையும் அவனுக்குக் கொடுத்தார்.

1797இல் பெல் தமது அனுபவத்தை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஜோசப் லங்காஸ்ரர் அந்நகரில் தொடங்கிய பாடசாலையும் இத்தகைய முறையால் பெயர் பெற்றது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்ற செய்தி பல நாடுகளுக்கும் பரவியது.

ஆனால் பரவியபோது ஒன்று தேய்ந்து போனது. செலவு குறைவு என்பதே பலருக்குப் பெரிதாகப் பட்டது. காலையில் கேட்ட பாடத்தை மொனிற்றர் கிளிப்பிள்ளைபோல ஒப்புவித்தான். ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. வேலை அவன் கைக்கு வந்தது, அதற்கு வேண்டிய அறிவு வரவில்லை. 1846இல் இங்கிலாந்து அரசு மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்தது. 13 வயதில் சேர்பவர் ஐந்து ஆண்டுகள் படிப்பித்துக்கொண்டே தலைமை ஆசிரியரிடம் தாமும் பாடம் கேட்டார், உதவிப்பணமும் பெற்றார். பொறுப்பைக் கொடுப்பவர் அதற்குரிய பயிற்சியையும் கொடுக்கவேண்டும் என்பதை உணர அரை நூற்றாண்டு சென்றது.

இன்று எம்மிற் பலர் அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் தலைமை தாங்குகிறோம். "நானே செய்தால்தான் சரிவரும்" என்று சொல்லி எல்லாவற்றையும் தலையில் சுமப்பவர்களும் எம்மில் உண்டு. விளக்கமின்றி வேலையைத் தள்ளிவிட்டு, பிழைத்ததும் ஏசுபவர்களும் உண்டு. முதலாமவர் பிரிஸ்கினைக் கூப்பிடுவதே இல்லை. இரண்டாமவர் கூப்பிடுகிறார், ஆனால் படிப்பிப்பதில்லை.

எமது சங்கமும் இதற்கு விலக்கல்ல. கூட்டத்துக்கு வரும் இளைய தங்கைமாரிடம் கதிரை அடுக்கவும் தேநீர் பரிமாறவும் சொல்கிறோம். கணக்குப் புத்தகமும் கூட்டக் குறிப்பும் பல ஆண்டுகளாக அதே கைகளில் இருக்கின்றன. அந்தக் கைகளின் உழைப்பாலேயே நூறாண்டைக் கண்டோம் என்பதை நன்றியுடன் நினைக்கிறோம். அவை ஓயும் நாளில் புத்தகத்தை வாங்குபவருக்கு அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஆகவே அக்காமாரே, இந்த ஆண்டிலேயே ஒரு தங்கையைப் பக்கத்தில் இருத்திக் கணக்கு எழுதக் காட்டிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவரே எழுதட்டும், நீங்கள் பார்வையிடுங்கள். முதல் வருடம் ஒன்றிரண்டு பிழை வரலாம். நாமும் மொனிற்றராக இருந்தபோது பிழையான பெயரை எழுதி, பிறகு அழித்தவர்கள்தானே!